அண்டி ஆபீசும் நாவல்களும் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். இப்போது பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. கால்வாய்கள், குளங்கள், வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற பழைய லஸ்கர்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா போயிருக்கிறேன். மேலே நின்று கீழே பார்த்துப் பயந்ததோடு சரி. அந்தத் தொட்டியில் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே உங்கள் கட்டுரையில்தான் தெரிந்தது.

உங்களிடம் மூன்று கேள்விகள். ஒன்று, உங்களுக்குப் பிடித்த புத்தகங்கள் எவை? ஒரு பத்துப் பெயர் சொன்னால் வாங்கிவிடுவேன். இரண்டு, அரசு வேலையில் இருந்துகொண்டே எப்படி இவ்வளவு படித்தீர்கள்? நான் காலையில் அறையை விட்டுக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஆகிறது. சனி, ஞாயிறு தூக்கத்தில் போய்விடுகிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் எழுதிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. மூன்றாவது, அம்மா கேட்கச் சொன்னது. ரிட்டயர் ஆன பிறகு உங்கள் நாள் எப்படிப் போகிறது? என் மாமா ரிட்டயர் ஆனதிலிருந்து திண்ணையை விட்டு எழுந்திருப்பதில்லை.

அம்மாவைப் பற்றி எழுதிய கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். நேரம் கிடைத்தால் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்., பெங்களூரு

*

அன்புள்ள ஆர்.,

கடிதம் கிடைத்தது. கதையையும் படித்தேன், அதைப் பற்றிப் பிறகு. முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

வேலையை விட்டால்தான் எழுத முடியும் என்று உங்கள் வயதில் பலரும் நினைக்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தோடு சம்பந்தப்பட்ட எழுத்தாளர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தோப்பில் முஹம்மது மீரானுக்குத் திருநெல்வேலியில் வத்தல் வியாபாரம். நாஞ்சில் நாடன் பம்பாயிலும் பிறகு கோயம்புத்தூரிலும் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளர். ஹெப்சிபா ஜேசுதாசன் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். பொன்னீலன் கல்வித்துறையில் இருந்தார். இன்னும் பின்னால் போனால் கவிமணி, அவர் வாத்தியார். கடைக்கும் ஆபீசுக்கும் வகுப்புக்கும் கொடுத்தது போக மிச்ச நேரத்தில் எழுதியவர்கள் இவர்கள்.

வேலை பார்த்தாலே எழுத்து வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் பலருக்கு இன்றைக்கு ஞாபகம் இருப்பது டி.ஏ. அரியரும் யார் யாரை முந்திக்கொண்டு புரமோஷன் வாங்கினார் என்பதும்தான். ஆனால் வேலையைத் தடை என்று மட்டும் பார்த்தால், நீங்கள் விழித்திருக்கிற நேரத்தில் முக்கால்வாசியைக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். அப்புறம் எதை எழுதுவீர்கள்? இரண்டு வருடம் அறையில் உட்கார்ந்தால் அறையைப் பற்றித்தான் எழுத வரும். அப்படி எழுதப்பட்ட நிறைய நாவல்களை நான் பாதியில் மூடியிருக்கிறேன்.

படிக்க நேரம் எப்படிக் கிடைத்தது என்றால், பாசன வேலையில் பாதி காத்திருப்பதுதான். நம் மாவட்டத்தில் ஜூன் 1 அணை திறப்பு, பிப்ரவரி கடைசியில் அடைப்பு. நடுவில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ சாகுபடி. திறப்பு அன்றைக்கு மாலை, பூத்தூவல், போட்டோ எல்லாம் இருக்கும். எங்களுக்கு வேலை அதற்கப்புறம்தான். மேலே ஷட்டர் தூக்கியாயிற்று என்று தகவல் வரும். கடைவரம்பில் தண்ணீர் தலைகாட்ட ராத்திரியாகும், மறுநாளும் ஆகும். வழியில் எத்தனை மடை, எத்தனை உடைப்பு, எத்தனை வாழைத்தோட்டத்துக்காரர் போட்ட குழாய்! அதுவரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும். நாம் நகர்ந்தால் மேலே உள்ளவர்கள் பலகை வைத்துத் தடுத்துவிடுவார்கள், கீழே உள்ளவர்கள் ஜீப்பைத் தடுத்துவிடுவார்கள். கலுங்கில் உட்கார்ந்து லைப்ரரிப் புத்தகத்தைப் படிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய?

என் முதல் செக்ஷனில் ஒரு லஸ்கர் இருந்தார். விளவங்கோடு பக்கத்துக்காரர். காக்கி நிக்கர், தோளில் ஒரு துவர்த்து, துண்டுதான். ஷட்டர் திருகுகிற இரும்புக் கைப்பிடியை வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டு படுப்பார். ஆபீசில் வைக்க வேண்டிய சாமான், ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர் என்று கேட்டால், “ஆபீஸ் பூட்டை ஒரு கம்பியிட்டுத் தொறக்கிலாம் சாறே, எனக்கக் கட்டிலத் தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கணும்” என்பார். நடுராத்திரி யாராவது ஷட்டரைத் தூக்கிவிட்டால் கீழே நடவு போட்டவன் காலையில் வந்து நிற்பது இவர் வீட்டு முற்றத்தில்தான். அதனால் அவருக்கு அந்தக் கைப்பிடிமேல் அவ்வளவு கவனம். திருகுதண்டில் கிரீஸ் போடுவதை எவரிடமும் விடமாட்டார். பழைய துணியால் மரை மரையாகத் துடைத்து, விரலால் பூசி, கையை மணலில் தேய்த்துவிட்டுத்தான் பீடியை எடுப்பார்.

அவர் ஒருநாள் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து என்ன கதை என்று கேட்டார். அது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்த நாவல். பனைவிளை என்று ஒரு ஊர், அதில் ஒரு பழைய பெரிய வீடு, அந்த வீட்டுப் பெண் லிஸி. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் போட்டுவிடுகிறார்கள். அவளுக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் ஏற்படுகிற நேசம்தான் கதை. நான் அன்றைக்கு வாசித்த மட்டும் சொன்னேன். அடுத்த நாள் ஜீப்பை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே, “சாறே, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் கழிஞ்சுதா?” என்றார். அப்புறம் தினமும் அவருக்குக் கதை சொல்வது வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

அப்போதுதான் தெரிந்தது, அவருடைய அப்பாவும் பனையேறி. விடியுமுன் ஏறி, சாயங்காலம் மறுபடி ஏறி, பாளை சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி, அதாவது பதநீர், புளித்துவிடும். கூடினால் கருப்பட்டி கெட்டுப்போகும். இறக்கிக் கொடுத்ததோடு ஆண் வேலை முடிந்தது. அதைக் காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றுவது வீட்டுப் பெண்கள். “மரத்துல ஏறுனவன ஊரே பாக்கும் சாறே. வெறகு பெறக்குன எங்கம்மைய ஆரு பாத்தா?” என்று ஒரு நாள் சொன்னார். நாவலில் இருந்து நேராக அவர் அம்மாவுக்குப் போய்விட்டார். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பூதப்பாண்டிக்காரன். நெல்லும் குளமும் பார்த்து வளர்ந்தவன். எனக்குப் பனங்காடு என்றால் ஜீப் ஜன்னல் வழியாக ஓடுகிற மரங்கள். அந்த நாவலும் அந்த லஸ்கரும் இல்லையென்றால் அதற்குமேல் எதுவும் தெரிந்திருக்காது. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் பனை நின்ற மேட்டில் எல்லாம் ரப்பர்.

உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. பத்துப் பெயர் தரமாட்டேன். பட்டியல் கொடுத்தால் வாங்குவீர்கள், அடுக்குவீர்கள், போட்டோ எடுத்துப் போடுவீர்கள். எனக்கு ஏன் பிடித்தது என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தை வெளியூர்க்காரர்கள் ஒரே ஊராக நினைக்கிறார்கள். ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றி வந்துவிடலாம்தான். ஆனால் தோவாளைப் பூக்காரருக்குத் தேங்காப்பட்டணத்து மரைக்காரர் வீட்டு அடுக்களை தெரியாது. இரணியல் செட்டிமார் தெருவில் நடப்பது குலசேகரத்து ரப்பர் வெட்டுகிறவருக்குத் தெரியாது. நாஞ்சில் நாட்டு வயல்காரருக்குக் கடற்கரை என்றால் வீட்டு வாசலில் மீன் கொண்டுவருகிற அம்மாவோடு சரி. 1956இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம் என்று வருடா வருடம் நவம்பர் 1 கொண்டாடுகிறோம். நமக்குள் சேர்ந்தோமா என்பது வேறு விஷயம். எனக்கு வேலை எல்லாப் பக்கமும் போட்டார்கள். எல்லா ஊரின் வாசல் வரைக்கும் போனேன். வாய்க்கால் கரையில் நின்று பேசிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு வீட்டுக்குள்ளே நடப்பது தெரியுமா? அங்கேதான் இந்த நாவல்கள் வருகின்றன.

மீரானை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.வி.எம். கால்வாய் பார்க்கத் தேங்காப்பட்டணம் பக்கம் நிறையப் போயிருக்கிறேன். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப்பெயர். 1860 வாக்கில் திருவிதாங்கூர் அரசு படகுப் போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கி, கன்னியாகுமரி வரை கொண்டுபோக நினைத்து, முடியாமலே போனது. நான் பார்த்தபோது பல இடத்தில் தூர்ந்து, சாக்கடையாகி, சில இடத்தில் அடையாளமே இல்லாமல் கிடந்தது. என் நோட்டுப்புத்தகத்தில் அந்த ஊர் என்பது நீளம், அகலம், மண் அளவு, ஆக்கிரமிப்பு. அப்புறம் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ படித்தேன். 1988இல் புத்தகமாக வந்தது. அதில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி வருகிறாரே, ஊரே அவருக்கு முன்னால் தோளில் துண்டு போடப் பயந்து நிற்கிற அதிகாரம், சுறாமீன் துடுப்பான சுறாப்பீலி வியாபாரம், ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதற்கு நடக்கிற எதிர்ப்பு – நான் அளந்த மதில்களுக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ‘சாய்வு நாற்காலி’. 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. முஸ்தபாக்கண்ணு என்ற மனிதர், பரம்பரை வீட்டின் மரச்சாமானை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றுகொண்டே, நாற்காலியில் சாய்ந்தபடி வம்சப்பெருமை பேசிக்கொண்டிருப்பார். படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து நம் சொந்தத்திலேயே அப்படி ஒருவர் இருந்தது ஞாபகம் வரும். எனக்கு ஒருவரில்லை, பலர். நாஞ்சில் நாட்டில் அந்த நாற்காலிக்குப் பதில் ஊஞ்சல், விற்றது வயல்.

வயல் என்றதும் நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’. 1977. சிவதாணு என்று ஒரு படித்த ஏழைப் பையன், வசதியான வீட்டில் பெண் எடுத்துவிட்டு மாமனார் வீட்டில் படுகிற அவமானம். 2002இல் தங்கர் பச்சான் இதை ‘சொல்ல மறந்த கதை’ என்று படமாக எடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். புத்தகத்தில் கல்யாணப் பந்தியில் எது எதற்கு அப்புறம் இலையில் விழுகிறது என்பது வரைக்கும் சரியாக இருக்கும். நான் பந்தி விஷயத்தில் கொஞ்சம் கறார். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே மூடியிருப்பேன்.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968. இரணியல். திரவியும் அவன் அக்கா நாகுவும், உண்ணாமலை ஆச்சி சொல்கிற கதைகளும். பேச்சுத்தமிழ் முதல் ஐம்பது பக்கம் உங்களைப் படுத்தும். நீங்கள் கருங்கல்காரர், சமாளித்துவிடுவீர்கள். சென்னை நண்பருக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மரம், அரசியல், வியாபாரப் போட்டி, எலெக்‌ஷன் என்று பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது மரத்துக்கு முந்தின பகுதி. ஒரு குளம் இருந்தது, அதன் நடுவில் மரம் நின்றது, பிறகு குளத்தைத் தூர்த்தார்கள். தாமோதர ஆசான் வாயால் அதைக் கேட்கும்போது, எங்கள் ஆபீசின் பழைய குளப் பதிவேடு கண்ணில் தெரியும். பதிவேட்டில் குளம் இருக்கும், ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறுகிற நிலம், இத்தனை ஏக்கர் என்று இருக்கும். போய்ப் பார்த்தால் கட்டடம் நிற்கும். பிறகு ஒரு காற்றாடி மரத்தோப்பை வெட்டிப் பூங்கா வைக்கிற இடம். மரத்தை வெட்டிவிட்டுச் செடி நடுகிறார்கள்! அந்தப் பக்கங்களைப் புதிதாக வேலைக்குச் சேர்கிற பொறியாளர்களுக்குப் பாடமாக வைக்கலாம். யாரும் வைக்கமாட்டார்கள்.

கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ உங்களுக்குப் பள்ளிப்பாடத்தில் பெயராக மட்டும் வந்திருக்கும். முழுசாக வாசியுங்கள். காரணவருக்கு, அதாவது குடும்பத்தலைவரான மாமனுக்கு, வாழ்க்கைப்பட்ட ஐந்தாம் மனைவி புலம்புவதாகச் சொல்கிற நீண்ட கவிதை. சொத்து மகனுக்கு இல்லை, மருமகனுக்கு. அதனால் வீட்டுக்குள் நடக்கிற கூத்து, கோர்ட்டில் நடக்கிற கூத்து. அந்த முறை 1926இல் சட்டம் போட்டு மாற்றப்பட்டது. பழைய நிலப் பதிவுகளில் ஒரே வயலுக்கு மாமன் பேரும் மருமகன் பேரும் மாறி மாறி வருவது எதனால் என்று எனக்கு எந்த மேலதிகாரியும் சொல்லித்தரவில்லை. தேரூர்க் கவிமணிதான் சொன்னார்.

இன்னொன்று, இது நாவல் இல்லை. நாகம் ஐயா எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல். 3 தொகுதி, ஆங்கிலம், 1906. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்ததும் அதே வருடம்தான். எனக்கு அது படுக்கையில் வைத்துப் படிக்கிற புத்தகம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒரு வாய்க்கால், வரி, சந்தை, மழை. என் வீட்டுக்காரி இதைப் பற்றி வைத்திருக்கிற அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

சரி, அம்மாவின் கேள்வி. அவரிடம் சொல்லுங்கள், நானும் திண்ணையில்தான் இருக்கிறேன், என்ன, கையில் ஒரு பேப்பர் இருக்கும். காலையில் பழையாற்றுப் பக்கம் ஒரு நடை. கால் வலி உள்ள அன்றைக்கு நடை டீக்கடை வரைக்கும். திரும்பி வந்து பேப்பரில் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இன்றைக்கு எத்தனையில் நிற்கிறது, வரத்து எவ்வளவு, வெளியே விடுவது எவ்வளவு. எனக்கு இனி அதில் ஒரு பொறுப்பும் இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் பேச்சிப்பாறை 45ஐத் தாண்டினால் சாப்பாடு இறங்காது. பேச்சிப்பாறையைக் கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரைக்கு அணைப் பக்கத்திலேயே கல்லறை இருக்கிறது. “அவருக்குப் பக்கத்துல உங்களுக்கும் ஒரு எடம் இப்பமே சொல்லி வச்சிருங்க” என்பது எங்கள் வீட்டுப் பழைய ஜோக்.

பத்து மணி வாக்கில் மீன் வரும். சாளை, அயிலை, சீசனில் நெத்திலி. விலை பேசுவது வீட்டுக்காரி வேலை, எலும்பு எடுத்துத் தின்பது என் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். எழுந்து ஒரு மட்டிப்பழம், கட்டன்சாயா, அப்புறம் எழுத உட்காருவேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும். வந்தால் இரண்டு பக்கம், வராவிட்டால் பழைய நோட்டுப்புத்தகங்களைப் புரட்டுவேன். வேலையில் இருந்தபோது மழை அளவு, ஷட்டர் நேரம், யார் வந்து சண்டை போட்டார்கள் என்பதையெல்லாம் பாக்கெட் நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம். 1992 நவம்பர் வெள்ளத்தின்போது எழுதின பக்கங்களில் மை கலைந்து கிடக்கிறது. அதில் வாசிக்க முடிகிற வரிகளை வைத்துத்தான் சென்ற வருடம் ஒரு நீளமான கட்டுரை எழுதினேன். உங்கள் மாமாவுக்கு நோட்டுப் பழக்கம் இல்லையென்றாலும் பரவாயில்லை. அவர் எந்த வேலையில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் வேலையில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். திண்ணையை விட்டு எழுந்திருக்கமாட்டார், ஆனால் உங்களையும் எழுந்திருக்க விடமாட்டார்.

இனி உங்கள் கதை.

மொழி நன்றாக இருக்கிறது. வாக்கியங்கள் ஓடுகின்றன. அம்மா மேல் உள்ள பாசம் தெரிகிறது. ஆனால் அம்மா தெரியவில்லை. முதல் பக்கத்தில் ‘தியாகம்’ வருகிறது, இரண்டாம் பக்கத்தில் ‘கண்ணீர்’, நாலாம் பக்கத்தில் மகன் ரேங்க் வாங்கி, அம்மாவின் கையைப் பிடித்து அழுகிறான். அந்தக் கை எப்படி இருக்கும், தம்பி? அண்டி தல்லுகிறவர்களின், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின், விரலைப் பார்த்திருக்கிறேன். தோட்டில் இருந்து வருகிற எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்து, உரிந்து, கைரேகை தேய்ந்து போயிருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள். சோறு பிசையும்போது எரியும். உங்கள் கதையில் மகன் பிடிக்கிற கை எந்த அம்மாவின் கையாகவும் இருக்கலாம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற அம்மா, டீச்சர் அம்மா, யார் வேண்டுமானாலும். ஆலையின் பெயரைத் தூக்கிவிட்டு மில் என்று போட்டாலும் கதையில் ஒரு வரி மாறாது. அதுதான் எனக்குக் குறை.

நீங்கள் மேசைக்கு முன்னால் இருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய விஷயமெல்லாம் கருங்கலில், போனில் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வறுக்கிற இடத்தில் அம்மா இருந்தாரா, தல்லுகிற இடத்திலா, தோல் உரிக்கிற இடத்திலா, தரம் பிரிக்கிற இடத்திலா? நாலும் நாலு விதமான உடம்பு வலி. பருப்பு முழுசாக வந்தால் ஒரு கணக்கு, உடைந்தால் ஒரு கணக்கு. உடைந்ததற்கு யார் திட்டுவார்கள்? சங்கம் இருந்ததா? எந்த பஸ்ஸில் போனார், அல்லது நடந்தா? ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாரா? அப்படியானால் எப்படி வீடு வந்து சேர்ந்தார்?

மலர்வதியின் ‘தூப்புக்காரி’ படித்திருக்கிறீர்களா? 2012இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் கிடைத்த நாவல். ஆஸ்பத்திரியில் தூத்து வாருகிற பெண்ணின் கதை, நம் பக்கத்துப் பேச்சிலேயே எழுதப்பட்டது. வாளியும் துடைப்பமும் நாற்றமும் உள்ள கதை. கண்ணீரும் உண்டு. ஆனால் எதைக் கழுவும்போது வந்த கண்ணீர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்துப் பெயர் கேட்டீர்களே, இப்போதைக்கு இந்த ஒன்றை வாங்குங்கள். ‘புத்தம் வீடு’ம் கூட. மற்றதை ஊருக்கு வரும்போது என்னிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். திருப்பிக் கொடுக்காதவர்களின் பெயரும் நோட்டில் இருக்கிறது.

அப்புறம், வேலையை இப்போது விட வேண்டாம். உங்கள் ஆபீசில் ராத்திரி ஷிப்ட், கோபக்கார மேனேஜர், கம்ப்யூட்டர் நின்றுபோனால் யார் யாரைக் கூப்பிடுவது என்று ஏதாவது இருக்கும் அல்லவா? அதையும் குறித்து வையுங்கள். எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை உண்டு. தமிழில் அதை உள்ளே இருந்து யாராவது எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

கதையைக் கிழித்துப் போட வேண்டாம். வீட்டில் இருந்து அம்மா காலையில் கிளம்புகிற பத்தி ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை எழுதும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து அம்மாவுக்கு போன் போடுங்கள். ஒரு கிலோ பருப்புக்கு அந்தக் காலத்தில் என்ன கூலி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தல்லுவார், கையில் தடவ என்ன எண்ணெய் வைத்திருந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி எழுதியதும் அனுப்புங்கள், அதையும் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்